களவெட்டியும் ஆலையும்: ஓர் இருமலின் வரலாறு

வரலாறு என்றவுடன் அரசர் பெயரும் போர் நிகழ்ந்த ஆண்டும் நம் நினைவுக்கு வருகின்றன. பள்ளிக்கூடத்தில் நாம் அவ்வாறே கற்றோம். பலர் இன்றும் அவ்வாறே கற்பிக்கின்றனர். உழுதவன் கையில் ஏறிய காய்ப்புக்கும், நெய்தவன் கண்ணில் விழுந்த மங்கலுக்கும், நெல் குற்றியவள் நெஞ்சில் எழுந்த இருமலுக்கும் வரலாறு உண்டென்று கருதி ஏட்டில் எழுதினோர் சிலரே. இக்கட்டுரையில் நாம் அந்த இருமலை எடுத்துக்கொள்கிறோம். அது எங்கிருந்து வந்தது? உடல் அதனை ஏன் எழுப்புகிறது? அதனால் ஆவது எது, ஆகாதது எது? இவற்றை மனிதர் எப்போது அறிந்தனர்? அறிந்த பின்னரும் ஆலை வாயிலில் இருமல் ஓயாதிருப்பது ஏன்? இவையே நம் கேள்விகள்.

கல்முனையிலிருந்து காரைதீவுச் சந்தி வழியாக அம்பாறைக்குச் செல்லும் வீதியில், கடற்கரைக்குச் சற்று உள்ளே அமைந்திருப்பது சம்மாந்துறை. சம்பான்கள் வந்து தங்கிய துறையாதலால் அப்பெயர் பெற்றது என்று ஊரார் கூறுவர். இன்று சம்பான்களும் இல்லை, துறையும் இல்லை. ஊரைச் சூழ வட்டை வட்டையாக வயல்களே விரிந்து கிடக்கின்றன. வயலை அடுத்து ஆலைகள். நெல்லை விளைவிப்பதும், புழுக்குவதும், குற்றுவதும், மூடை கட்டி ஏற்றுவதும் இவ்வூர் மக்களின் பிழைப்பு.

அத்தகைய ஆலை ஒன்றினுள் சற்று நேரம் நிற்போமாக. கூரைத் தகட்டின் ஓட்டை வழியாக ஓர் ஒளிக்கீற்று இறங்குகிறது. அதனுள் ஆயிரமாயிரம் துகள்கள் மிதக்கின்றன. தலைத்துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிய தொழிலாளி ஒருவர் மூடையை இறக்கிவைக்கிறார்; துண்டை விலக்கி இருமுகிறார்; துப்புகிறார்; அடுத்த மூடைக்குப் போகிறார். கேட்டால், "தூள் பழகிப்போச்சு" என்பார். அவருடைய வாப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். உண்மையில் நெஞ்சு தூளுக்குப் பழகுவதுண்டா? இக்கேள்விக்கு விடை காண, முதலில் நெல்லின் வழியே சிறிது பின்னோக்கிச் செல்லவேண்டும்.

ஆலைகள் வருமுன்னர் நெல்லின் தூசு களவெட்டியில் எழுந்தது. கதிரை அறுத்துச் சூடு வைத்து, எருமைகளைக் கொண்டு மிதிப்பித்து, வைக்கோலை உதறி எடுத்தபின் பொலி எஞ்சும். அவுரி என்னும் முக்காலியின்மேல் ஏறி நின்று சுளகினால் அந்தப் பொலியைத் தூற்றுவர். சிறுபோக அறுவடைக் காலத்தில் கச்சான் வீசும். காற்று வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்று தூற்றினால் நெல் காலடியில் குவியும். சப்பியும் சுணையும் தூசும் காற்றோடு போகும். காற்று இல்லாத வேளையில் தூற்றமாட்டார்கள். இந்த ஒழுங்கை எந்த வைத்தியரும் கற்பிக்கவில்லை. நெல்லைச் சுத்தமாக எடுப்பதற்கு உழைப்பாளரே கண்ட ஒழுங்கு அது; அதுவே அவர்களுடைய நெஞ்சையும் ஓரளவு காத்தது. தூசு இருந்தது, ஆயின் அது வெட்டவெளித் தூசு, ஆண்டில் சில வாரத் தூசு.

இவ்வறிவு நம் மண்ணுக்கு மட்டும் உரியதன்று. சுவீடன் நாட்டவராகிய ஒலவுஸ் மக்னுஸ் 1555இல் வெளியிட்ட நூலில், கதிரடித்துப் பதர் பிரிப்போர் தக்க காற்று வீசும் நேரத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்றும், இன்றேல் தானியத் தூசு அவர்களின் உயிருறுப்புகளைக் கெடுக்கும் என்றும் குறித்திருக்கிறார். கோதுமையை அடித்த வடபுலத்து உழவனும் நெல்லைத் தூற்றிய கீழ்க்கரை உழவனும் ஒருவரையொருவர் அறியார். எனினும் இருவரும் காற்றைப் பார்த்தே வேலை தொடங்கினர்.

பின்னர் உற்பத்தி முறை மாறிற்று. பிறேசில் நாட்டில் எவரிஸ்தோ எங்கெல்பேர்க் என்பார் 1885இல் உரிமம் பெற்ற உமி நீக்கும் இயந்திரம், அடுத்த பல பத்தாண்டுகளில் ஆசியாவின் நெல் நாடுகளெங்கும் பரவிற்று. உலக்கையின் வேலையை அது தன்மேல் ஏற்றுக்கொண்டது. 1942இல் யப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபோது இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. அவ்வாண்டு அவசரகால உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்ட ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் இப்பகுதியின் உணவு உற்பத்தியைப் பெருக்கும் பணியை முன்னின்று நடத்தினார். பட்டிப்பளை ஆற்றை மறிக்கும் கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. நீர் பெருகியது, நெல் பெருகியது, நெல்லோடு ஆலைகளும் பெருகின. இன்று அறுவடை இயந்திரம் வயலிலேயே கதிரை அறுத்து நெல்லைப் பிரித்துத் தந்துவிடுகிறது. அவுரியை நூதனசாலையில் தேடவேண்டியிருக்கிறது.

இந்த மாற்றத்தை நாம் பழிக்கவில்லை. உலக்கையோடு விடியற்காலையில் எழுந்த பெண்களின் தோள்களுக்கு இயந்திரம் தந்த ஓய்வை மறப்பது நன்றிகேடாகும். ஆனால் ஒன்றை நோக்கவேண்டும். களவெட்டியில் காற்று சுமந்து சென்ற தூசு இப்போது நான்கு சுவருக்குள் அடைபட்டது. சில வாரங்களுக்குரியதாயிருந்த தூசு ஆண்டு முழுவதற்குமானது. முன்னர் தன் நெல்லைத் தூற்றியவன் தானே நேரத்தைத் தேர்ந்தான். இப்போது கூலிக்கு நிற்பவன் இயந்திரத்தின் நேரத்துக்கு நிற்கிறான். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், பிலிப் குணவர்த்தன அவர்களின் முயற்சியால், குத்தகை உழவனுக்கு நிலத்தின்மேல் ஒரு பிடிமானத்தைத் தந்தது. வயலின் வரம்பைத் தாண்டி ஆலையினுள் நுழைந்தவனின் நெஞ்சு அச்சட்டத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டதாயிற்று.

இனி அந்நெஞ்சினுள் நிகழ்வதைக் காண்போம்.

மனிதன் ஒரு நாளில் ஏறத்தாழ 10,000 லீற்றருக்கும் மேற்பட்ட காற்றை உள்ளிழுக்கிறான்; மூடை சுமப்பவன் இன்னும் அதிகமாக இழுப்பான். அக்காற்று வாதனாளி வழியே இறங்கி, இரண்டாகவும் நான்காகவும் எட்டாகவும் கிளைத்துச் செல்லும் குழாய்களில் பாய்கிறது. இருபத்துமூன்று தடவை இவ்வாறு கிளைத்தபின் அது முடிவில் சிற்றறைகளை அடைகிறது. வளர்ந்த மனிதனின் சுவாசப்பைகளில் கோடிக்கணக்கான சிற்றறைகள் உள. அவற்றையும் அவற்றைச் சூழ்ந்த மயிர்த்துளைக் குழாய்களையும் 1661இல் தவளையின் சுவாசப்பையில் முதன்முதல் நுணுக்குக்காட்டி வழியே கண்டவர் இத்தாலியரான மல்பீகி.

காற்றோடு வரும் தூசு எங்கே போய்ச் சேரும் என்பதை அதன் பருமன் தீர்மானிக்கிறது. ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கை ஒரு மைக்ரோமீற்றர் என்கிறோம். பத்து மைக்ரோமீற்றருக்கு மேற்பட்ட துகள்களுள் பெரும்பாலானவை மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்கின்றன. அதனிற் சிறியவை குழாய்கள் கிளைக்கும் இடங்களில் மோதித் தங்குகின்றன. ஏறத்தாழ ஐந்து மைக்ரோமீற்றருக்குக் குறைந்தவை சிற்றறைகள்வரை சென்று படியவல்லவை. நம் வெறுங்கண்ணுக்கு ஐம்பது மைக்ரோமீற்றர் அளவில்தான் ஒரு துகள் தென்படத் தொடங்குகிறது. ஆகவே, ஆலையின் ஒளிக்கீற்றில் நாம் தனித்தனித் துகளாகக் கண்டு அஞ்சியவற்றுட் பலவற்றை மூக்கே தடுத்துவிடும். ஆழத்துக்குச் செல்வதோ கண்ணுக்குத் தனியே புலப்படாத தூசு. கண்ணால் காண்பதை மட்டும் நம்புவோன் இங்கே ஏமாந்துபோவான்.

குழாய்களில் படிந்த தூசை அகற்ற உடல் ஓர் ஓயாத ஏற்பாட்டை வைத்திருக்கிறது. குழாய்களின் உட்சுவரில் பிசிர் என்னும் நுண்ணிய மயிர்கள் உள. ஒரு கலத்துக்கு ஏறத்தாழ இருநூறு. ஒவ்வொன்றும் ஒரு செக்கனுக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடிக்கும். அவற்றின் அடியில் நீர்போன்ற ஒரு படை. மேலே பசைபோன்ற சீதப்படை. தூசு சீதத்தில் ஒட்டிக்கொள்கிறது. பிசிர்கள் அச்சீதத்தை மேல்நோக்கித் தள்ளுகின்றன. வயலில் நாற்று நடுவோர் வரிசையாகக் குனிந்து நிமிர்வதைப்போல, ஒன்றன்பின் ஒன்றாக அவை சாய்ந்து நிமிர்கின்றன. வாதனாளியில் சீதம் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐந்து மில்லிமீற்றர் மேலேறித் தொண்டையை அடைகிறது. அங்கே நாம் அறியாமலே அதனை விழுங்கிவிடுகிறோம். உடல்நலம் உள்ளவரின் குழாய்களிற் படிந்த தூசின் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் இவ்வாறே வெளியேறுகிறது. முதுகெலும்பு விலங்குகளின் உடலில் இப்பிசிர் அசைவைப் புர்க்கின்ஜேயும் அவர் மாணவர் வலென்றினும் 1834இல் கண்டு அறிவித்தனர்.

சிற்றறைகளிலோ பிசிர் இல்லை. அங்கே படிந்த துகளைத் தின்குழியங்கள் விழுங்குகின்றன. 1882இல் இத்தாலியின் மெசினா நகரில் கடல்விண்மீனின் குடம்பியைச் சோதித்த ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகோவ், அந்நியப் பொருளை உடற்கலங்கள் சூழ்ந்து விழுங்குவதைக் கண்டார். அதன் பொருளை உலகுக்கு உணர்த்தி 1908இல் நொபெல் பரிசு பெற்றார். தின்குழியத்தின் வேலை மெதுவானது. சிற்றறையிற் படிந்த தூசு அகல மாதங்கள் ஆகும். சிலவற்றுக்கு ஆண்டுகளும் ஆகும். சிலிக்காத் துகளை விழுங்கிய தின்குழியமோ தானே அழிகிறது. அழிந்த இடத்தில் அழற்சி தோன்றி, நாளடைவில் சுவாசப்பை தழும்பேறி இறுகுகிறது.

இவற்றிடையே இருமலின் இடம் யாது?

வாதனாளியின் சுவரிலும் பெருங்குழாய்கள் கிளைக்கும் இடங்களிலும் உறுத்தலை உணரும் நரம்பு நுனிகள் மிகுதியாக உள. 1954இல் ஆங்கிலேய உடற்றொழிலியலாளர் விடிகொம்ப் இந்நுனிகளின் இயல்பைப் பூனைகளில் ஆராய்ந்து வெளியிட்டார். உறுத்தல் மூளையை எட்டியதும் முதலில் ஆழ்ந்த மூச்சு உள்ளே போகிறது. அடுத்துக் குரல்வளை மூடிக்கொள்கிறது; ஒரு செக்கனில் ஐந்திலொரு பங்கு நேரந்தான் மூடியிருக்கும். அந்நேரத்தில் வயிற்றுத் தசையும் விலாத் தசையும் இறுகி, நெஞ்சினுள் அமுக்கம் 300 மில்லிமீற்றர் இரசம்வரை உயரக்கூடும். பிறகு குரல்வளை சடுதியாகத் திறக்கிறது. காற்று வெடித்துப் பாய்கிறது. அவ்வேளையில் வாதனாளியின் பின்சுவர் உள்ளே மடிந்து குழாயை ஒடுக்குகிறது. ஒடுங்கிய வழியில் காற்றின் வேகம் மிகுகிறது. அவ்வேகமே சுவரில் ஒட்டிய சீதத்தைப் பிய்த்து எடுத்துவருகிறது. 1955இல் றோஸ், கிறாமியாக், றான் ஆகிய மூவர் இருமலின் இயக்கவியலை அளந்து இவற்றைத் தெளிவாக்கினர்.

ஆயின் இருமலுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. இவ்விரண்டையும் ஆசிரியரும் மாணவரும் நன்கு மனங்கொள்ள வேண்டும். முதலாவது, இடத்தின் எல்லை. காற்றின் வேகம் பெருங்குழாய்களில் மட்டுமே போதியது. கிளைகள் பெருகப் பெருகக் குழாய்களின் மொத்தக் குறுக்குப் பரப்பும் பெருகுகிறது, வேகம் தளர்கிறது. ஆறாவது ஏழாவது கிளைக்கு அப்பால் இருமலின் கை எட்டுவது அரிது. சிற்றறையில் அமர்ந்த தூசை எத்துணை இருமினாலும் எடுத்துவிட இயலாது. இரண்டாவது, சீதத்தின் எல்லை. நலமுள்ளவரின் குழாயில் சீதம் மெல்லிய படையாக இருப்பதால், பாயும் காற்று அதன்மேல் வழுக்கிச் செல்கிறது. பெற்றுத் தருவது அதிகமில்லை. சீதம் தடித்துத் திரண்டவிடத்தோ காற்று அதில் அலையெழுப்பி அதனைக் கிழித்து வாரிவருகிறது. இதனால்தான், கதிரியக்கத் துகள்களை மூச்சோடு உட்செலுத்தி அவை வெளியேறுவதை அளந்த ஆய்வுகளில், நலமுள்ளவர் வேண்டுமென்று இருமியபோது பெரிய பயன் தெரியவில்லை. பிசிர்கள் பழுதுற்ற நோயாளிகளிலோ இருமலே தூசை வெளியேற்றும் முதன்மை வழியாக இருந்தது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. பிசிர்கள் அமைதியாகச் செய்யவேண்டிய வேலை தடைப்படும்போது அதனை இருமல் ஏற்றுக்கொள்கிறது. நாள்தோறும் உட்செல்லும் தூசும், பீடி சிகரெட்டுப் புகையும் பிசிர்களைத் தளர்த்துகின்றன. சீதச் சுரப்பிகளைப் பெருக்குகின்றன. விடியற்காலையில் எழுந்து நெடுநேரம் இருமிக் கோழையைத் துப்பியபின் வேலைக்குப் புறப்படும் தொழிலாளியின் நெஞ்சு தூளுக்குப் பழகிவிடவில்லை. முதற்காவல் வீழ்ந்துவிட, இரண்டாங்காவல் போராடிக்கொண்டிருக்கிறது. அக்காவலும் எட்டாத ஆழத்தில் நுண்தூசு நாளுக்குநாள் படிந்துகொண்டிருக்கிறது.

இவ்வுண்மையை அறியாத வைத்தியம் இருமலையே பகையாகக் கருதி அடக்க முற்பட்டது. அபினியிலிருந்து 1832இல் பிரித்தெடுக்கப்பட்ட கொடெயின் இருமல் மருந்தாயிற்று. 1898இல் ஜெர்மனியின் பாயர் நிறுவனம் ஹெரோயினையே இருமல் அடக்கும் மருந்தாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது! பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அது விளைத்த அடிமைத்தனம் உணரப்பட்டு விலக்கப்பட்டது. கோழை நிறைந்த நெஞ்சின் இருமலை அடக்குவது, குப்பை நிறைந்த வீட்டின் கதவை அடைப்பதை ஒக்கும். நம் ஊர்ப் பரிசாரியார் இவ்வகையில் நேர்வழியில் நின்றார் எனலாம். அவர் ஆடாதோடை இலையைக் கஷாயமிட்டுக் கோழையை இளக்கி வெளியேற்ற முயன்றார். அவ்விலையிலுள்ள வசிசின் என்னும் பொருளை அடியாகக் கொண்டே புறோம்ஹெக்சின் என்னும் மருந்து ஆக்கப்பட்டு 1963இல் வழக்குக்கு வந்தது. இன்று உலகெங்கும் சளியை இளக்க அது பயன்படுகிறது. இதனைக்கொண்டு பழைய வைத்தியத்தில் யாவும் அடங்கியுள்ளன என்று நாம் பெருமை பேசவரவில்லை. இலை கோழையை இளக்கும். ஆலைத் தூசை அது குறைக்காது. மருந்து எதுவாயினும் தூசின் ஊற்றுக்கண்ணை அடைக்காதவரை அது பாதி வேலையே.

ஊற்றுக்கண்ணை முதலில் சுட்டியோர் யார்? ஜெர்மானியரான அகிரிகோலா 1556இல் வெளிவந்த சுரங்க நூலில், கார்பேதிய மலைச் சுரங்கப் பகுதிகளில் ஏழு கணவரை மணந்து எழுவரையும் தூசு நோய்க்கு இழந்த பெண்கள் இருந்தனர் என்று எழுதினார். இத்தாலிய வைத்தியர் றமஸ்ஸினி 1700இல் தொழிலாளர் நோய்கள் பற்றி ஒரு முழு நூலையே ஆக்கினார். தானியம் சலிப்போருக்கும் அளப்போருக்கும் அந்நூலில் தனி அதிகாரம் உண்டு. தானியத் தூசினால் அவர்களின் தொண்டையும் சுவாசப்பையும் வரளுவதையும், உடம்பெங்கும் தினவெடுப்பதையும், மூச்சுமுட்டலால் மெலிந்து அவர்கள் முதுமையை எட்டுவதே அரிதாவதையும் அவர் குறித்தார். நோயாளியிடம் வைத்தியர் கேட்கவேண்டிய பழைய கேள்விகளோடு ஒரு புதுக் கேள்வியையும் அவர் சேர்த்தார்: நீ என்ன தொழில் செய்கிறாய்? மருத்துவ வரலாற்றில் இதனிலும் எளிய கேள்வி இல்லை. இதனிலும் அதிகமாக மறக்கப்பட்ட கேள்வியும் இல்லை.

1867இல் செங்கர் தூசால் வரும் சுவாசப்பை நோய்களுக்கு ஒரு பொதுப்பெயர் இட்டார். பெயர் கிடைத்ததால் நோய் குறையவில்லை. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் 1930, 1931ஆம் ஆண்டுகளில் சிலிக்காப் பாறையைக் குடைந்து ஒரு நீர்ச்சுரங்கம் அமைக்கப்பட்டது. வேலைக்கு வந்தோரிற் பெரும்பான்மையோர் வறுமையால் துரத்தப்பட்ட கறுப்பின மக்கள். நீர் தெளித்துத் துளையிடும் முறை தெரிந்திருந்தும் உலர்ந்த பாறையைத் துளைக்கச் செய்தனர். 764 பேருக்குக் குறையாமல் மாண்டிருக்கலாமென 1986இல் வெளிவந்த செர்னியாக்கின் நூல் கணக்கிடுகிறது. நம்மவர் கதையும் உண்டு. கோலார் தங்க வயலில் வட ஆர்க்காட்டிலிருந்தும் அயல் மாவட்டங்களிலிருந்தும் சென்ற தமிழர் தலைமுறை தலைமுறையாகப் பாறையைக் குடைந்தனர். 1940களில் அங்கே ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோரிடம் சிலிக்கா நோய் காணப்பட்டது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் போன இடம் உலகறியும். தூசு போன இடத்தை அக்குடும்பங்களே அறியும்.

சர்வதேசத் தொழில் நிறுவனம் 1930இல் தென்னாபிரிக்காவின் ஜொகனஸ்பேர்க்கில் சிலிக்கா நோய்பற்றி மாநாடு கூட்டியது. அதே நகரில் 1959இல் கூடிய மாநாடு, சிற்றறைவரை செல்லவல்ல தூசை ஐந்து மைக்ரோமீற்றர் அளவை மையமாகக் கொண்டு வரையறுத்தது. மொத்தத் தூசை மட்டும் நிறுப்பது போதாது, ஆழம் செல்லும் தூசைப் பிரித்து அளக்கவேண்டும் என்ற விதி அவ்வாறு நிலைபெற்றது.

நம் இலங்கையிலும் இத்துறையில் நல்ல மரபு ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் பணியாற்றிய கஸ்தெலானி என்னும் இத்தாலியர், தேயிலையை முகர்ந்து சுவைபார்ப்போருக்கு வரும் இருமலைத் தனி நோயாக விவரித்தார். பின்னாளில் நெஞ்சு நோய் வைத்தியரான சீ. ஜீ. உரகொட அவர்கள் றமஸ்ஸினியின் கேள்வியைக் கையிலேந்தித் தொழிலிடம் தொழிலிடமாகச் சென்றார் எனலாம். மிளகாய் அரைப்போரின் தும்மலும் மூக்கொழுகலும் இருமலும்பற்றி 1967இலும், தேயிலைத் தொழிற்சாலையாளரின் ஆஸ்மாபற்றி 1970இலும் அவர் எழுதினார். 1972இல் றணசிங்கவுடன் சேர்ந்து காரீயச் சுரங்கத் தொழிலாளரின் சுவாசப்பை நோயை ஆராய்ந்தார். கறுவாத் தொழிலாளர்பற்றிய அவரது ஆய்வு 1984இல் வெளிவந்தது. மிளகாயை இருமற்பொருளாக்கும் காப்சைசின் எந்த வாயிலால் நரம்பைத் தூண்டுகிறது என்பதை 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டுபிடித்தனர். 2021இல் நொபெல் பரிசு அவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. மிளகாய் மில்லில் நிற்கும் ஏழையின் தும்மலுக்கும் உலகின் உயர்ந்த விஞ்ஞானப் பரிசுக்கும் இடையே இவ்வளவு நெருங்கிய உறவு உண்டு!

நெல்லாலையைப் பற்றியோ 1984இல் மலேசியாவில் லிம் முதலானோர் எழுதினர். அங்கே ஆலைத் தொழிலாளரின் கண்ணெரிவு, தோலரிப்பு, மூக்கொழுகல், நெஞ்சிறுக்கம் ஆகியவற்றைச் சேர்த்து அரிசி ஆலையார் நோய்த்தொகுதி என்று பெயரிட்டனர். காரணம் விளங்காததன்று. உமியின் புறத்தே நுண்ணிய சுணைகள் உள. அவற்றில் சிலிக்கா செறிந்திருக்கிறது. ஈரநெல்லில் வளரும் பூஞ்சணத்தின் வித்திகளும் தூசோடு எழுகின்றன. பூஞ்சணம் பிடித்த வைக்கோலின் தூசால் உழவருக்குக் காய்ச்சலும் இருமலும் வருவதை இங்கிலாந்தில் காம்பல் 1932இலேயே விவரித்திருந்தார். நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமி. அவ்வுமியை எரித்துத்தான் நெல்லைப் புழுக்குகின்றனர். எஞ்சும் சாம்பலில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் சிலிக்கா. மிகு வெப்பத்தில் நெடுநேரம் எரிந்தால் அது பளிங்குருவான சிலிக்காவாக மாறக்கூடும். அதுவே நெஞ்சுக்கு மிகக் கொடியது. அடுப்பிலிருந்து சாம்பலை உலர்ந்தபடியே வாரிக் கொட்டுபவன் எதனை வாருகிறான் என்பதை அவனுக்குச் சொல்லவேண்டாமா?

சட்டம் இல்லாமலில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம், தீங்கு தரும் தூசு எழும் வேலைகளில் தொழிலாளர் அதனை உள்ளிழுக்காதவாறு காக்க வேண்டுமென்கிறது. வழியும் தெரியாததன்று. தூசு பிறக்கும் இடத்திலேயே அதனை உறிஞ்சும் விசிறியும் குழாயும் அமைக்கலாம். சுழற்காற்றுக் கூண்டில் தூசைப் பிரித்து வீழ்த்தலாம். சாம்பலை நனைத்தபின் வாரலாம். எதிரெதிர்ச் சுவர்களைத் திறந்து கச்சானுக்கும் வாடைக்கும் வழிவிடலாம். களவெட்டியில் நின்ற நம் முன்னோர் காற்றை வேலைக்கு அமர்த்தியதுபோல ஆலையிலும் அமர்த்தலாம். 2020இல் தொற்றுநோய் வந்தபோது, எத்துணியும் முகக்கவசம் ஆகாதென்பதை நாடே கற்றுக்கொண்டது. நுண்தூசைத் தடுக்கும் கவசம் வேறு, தலைத்துண்டு வேறு. கற்றது ஆலைக்குள் நுழையவில்லை. செலவு ஆலையுடையோரைச் சேர்வது, இருமல் உழைப்போரைச் சேர்வது. இவ்விரண்டும் இருவேறு கணக்கேட்டில் எழுதப்படும்வரை மாற்றம் தானாக வராது. சிறு ஆலை நடத்துவோர் பலர் கடனில் தத்தளிப்போரே என்பதையும் நாம் மறக்கவில்லை. ஆதலால் இக்கடமையில் அரசுக்கும் பங்குண்டு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவைப்போம். ஆலைத் தொழிலாளியின் இருமல் யாவும் தூசின் இருமல் என்று எவரும் முடிவுகட்டிவிடலாகாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல் காசநோயாகவும் இருக்கலாம். சளியைச் சோதித்தே அறியவேண்டும். சிலிக்கா படிந்த சுவாசப்பையைக் காசக் கிருமி எளிதிற் பற்றும். ஆகவே பழகிப்போச்சு என்று வீட்டில் இருப்பது இருவகையிலும் கேடாகும்.

சம்மாந்துறையில் இன்று தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இயங்குகிறது. ஆலைகளுக்கு அண்மையிலேயே ஆய்வுகூடம் இருக்கிறது. தூசை அளக்கும் கருவி பெரும் செலவுடையதன்று; நெல் வரும் பருவத்திலும் வராத பருவத்திலும் ஆலைக்குள் சென்று அளந்து எழுதுவது மாணவரால் ஆகாத காரியமுமன்று. பள்ளி ஆசிரியரோ இதனினும் எளிதாகத் தொடங்கலாம். சுவாசத் தொகுதியைக் கற்பிக்கும் நாளில், படத்தில் பிசிரையும் சிற்றறையையும் குறித்துக் காட்டியபின், மாணவரிடம் றமஸ்ஸினியின் கேள்வியைக் கேட்கட்டும்: உங்கள் வாப்பா என்ன வேலை செய்கிறார்? காலையில் அவர் இருமுகிறாரா? அவ்விடைகளைப் பெயர் குறிக்காது கரும்பலகையில் இரு நிரலாக எழுதினால், பாடநூலில் இல்லாத ஒரு பாடம் அங்கே தோன்றும். அதனை அடுத்துச் செய்யவேண்டியது யாதென்பதை அவ்வகுப்பே கலந்து பேசட்டும்.